பழைய டீசல் பிக்கப் வண்டிகளில் தானியங்கிக் கியர் பெட்டியின் நெடுநாள் உழைப்பு

(நாவலூர் விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

நாவலூர், சிறுசேரி, தாழம்பூர், கேளம்பாக்கம் முதலிய கிராமங்களில், ஒரு ஜோடி உழவு மாடும் ஒரு கட்டை வண்டியும் உடைய குடியானவரைக் குறைவற்றவர் என்று சொல்வது பழைய வழக்கம். இப்பொழுது அக்கட்டை வண்டியின் ஸ்தானத்தை டீசல் பிக்கப் வண்டி அடைந்திருக்கிறது. திருப்போரூர்ப் பக்கத்துக் கத்தரியும் வெண்டையும், செய்யூர், மதுராந்தகம் பக்கத்துத் தர்ப்பூசணியும், கோவளத்து மீனும், மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களின் கருங்கல்லும் பெரும்பாலும் இவ்வகை வண்டிகளிலேயே போகின்றன. 1996ஆம் ஆண்டில் கோயம்பேட்டில் பெருஞ்சந்தை திறக்கப்பட்டது முதல், விடியுமுன் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தவனுக்கே விலை என்பதைக் குடியானவர்கள் நன்கு அறிவார்கள். ஆகையால் வண்டி வழியில் நின்றால் பயிரே பாழானதற்குச் சமானம்.

சில ஆண்டுகளாகக் குடியானவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, கிளச்சு மிதிக்காமலே ஓடுகிற டீசல் வண்டி பழையதாய்க் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது. முழங்கால் வலிக்கு நல்லது என்கிறார்கள். வாங்கலாமா? எத்தனை நாள் உழைக்கும்?" என்பதே அது. இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூற இயலாது. கியர் பெட்டியின் அமைப்பையும், அது எதனால் கெடுகிறது என்பதையும் அறிந்தவர்க்கு விடை தானே விளங்கும். அதன்பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இங்கே கிடைக்கும் வண்டிகள்

நம் நாட்டில் சரக்கு ஏற்றும் சிறு டீசல் வண்டிகள் பெரும்பாலும் கையால் கியர் மாற்றும் வகையைச் சேர்ந்தவை. 1988இல் வெளிவந்த டாடாமொபைல் முதல், 2005இல் வந்த டாடா ஏஸ், 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் வரை எல்லாம் அவ்வகையே. தானியங்கிப் பெட்டியுடைய பிக்கப் வண்டிகள் நம்மவர்க்குப் பிந்தியே கிடைத்தன. ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியிலுள்ள ஆலையில் செய்யப்படும் இசுசு வி-கிராஸ் வண்டி 2016இல் விற்பனைக்கு வந்தது. அதில் ஆறு கியருள்ள தானியங்கிப் பெட்டி 2019இல் பொருத்தப்பட்டது. டொயோட்டா ஹைலக்ஸ் 2022இல் வந்தது.

இவையன்றி, நம் ஜில்லாவிலேயே மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையில் செய்யப்பட்ட எண்டவர் வண்டியையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். அதற்குச் சரக்குத் தொட்டி இல்லையாயினும், அதன் அடிச்சட்டம் ரேஞ்சர் என்னும் பிக்கப் வண்டியின் வழிவந்ததே. டீசல் எஞ்சினும் தானியங்கிப் பெட்டியும் உடைய பழைய எண்டவர் வண்டிகள் பல, கைமாறிக் கைமாறிக் கிராமங்களுக்கு வருகின்றன. அந்நிறுவனம் இந்தியாவில் வண்டி செய்வதை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஆகவே இவற்றை வாங்குவோர் உதிரிப் பாகங்கள் எங்கே, எத்தனை நாளில், என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை முன்னதாகவே விசாரித்துக்கொள்ளவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சில சிறு வண்டிகளில் சாதாரணக் கியர் பெட்டியையே வைத்து, கிளச்சையும் கியரையும் ஒரு சிறு யந்திரம் இயக்கும்படி அமைத்திருக்கிறார்கள். இதனை ஏ.எம்.டி. என்பர். 2014இல் வந்த மாருதி செலிரியோவில் இது பிரசித்தமாயிற்று. இதில் கிளச்சுத் தட்டு உண்டு, அது தேயும், மாற்றலாம். இக்கட்டுரையில் சொல்லப்படுவது இதுவன்று. எண்ணெயின் வேகத்தால் சக்தியைக் கடத்தும் உண்மையான தானியங்கிப் பெட்டியைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.

அமைப்பும் வேலை செய்யும் விதமும்

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிராக வைத்து ஒன்றை மட்டும் சுழலவிட்டால், அதன் காற்று பட்டு மற்றதும் மெல்லச் சுழலும். தானியங்கிப் பெட்டியின் முன்புறத்திலுள்ள டார்க் கன்வெர்ட்டர் என்னும் உறுப்பு இத்தகையதே. காற்றுக்குப் பதில் இதில் எண்ணெய் நிரம்பியிருக்கிறது. எஞ்சினோடு சேர்ந்த தகடுகள் எண்ணெயை வீசுகின்றன. எதிரிலுள்ள தகடுகள் அவ்வெண்ணெயின் வேகத்தால் சுழல்கின்றன. இவ்விரண்டிற்கும் நடுவேயுள்ள மூன்றாவது தகட்டுச் சக்கரம், திரும்பிவரும் எண்ணெயை நல்வழியில் திருப்பிவிடுகிறது. இதனால் வண்டி கிளம்பும் சமயத்தில் எஞ்சினின் முறுக்கு விசை ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருகுகிறது. ஜெர்மனியில் ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்பவர் 1905இல் கப்பல்களுக்கென்று கண்டறிந்த முறை இதுவே.

இதற்குப் பின்னால், நடுவில் ஒரு சூரியச் சக்கரமும், அதைச் சுற்றிச் சிறு கோட்சக்கரங்களும், வெளியே ஒரு வளையச் சக்கரமுமாகப் பல்சக்கரத் தொகுதிகள் இருக்கின்றன. இவற்றில் எதைப் பிடித்து நிறுத்தி எதைச் சுழலவிடுகிறோமோ அதைப் பொறுத்துக் கியர் மாறும். பிடித்து நிறுத்தும் வேலையை மெல்லிய கிளச்சுத் தகடுகள் செய்கின்றன. அத்தகடுகளின்மேல் காகிதம் போன்ற நார்ப்பொருள் பசையிட்டு ஒட்டப்பட்டிருக்கும். எண்ணெயின் அழுத்தமே அவற்றை நெருக்குகிறது. எந்நேரத்தில் எதற்கு அழுத்தம் கொடுப்பது என்பதைப் பழைய வண்டிகளில் வால்வுகளும், பிந்திய வண்டிகளில் ஒரு சிறு கம்ப்யூட்டரும் தீர்மானிக்கின்றன.

ஆகவே, இந்தப் பெட்டியில் எண்ணெய் என்பது வெறும் மசகு அன்று. சக்தியைக் கடத்துவதும், கிளச்சுகளை நெருக்குவதும், உராய்வைக் குறைப்பதும், உஷ்ணத்தை வெளியே கொண்டுபோவதும் ஆகிய நான்கு வேலைகளையும் அந்த ஒரே எண்ணெய் செய்கிறது. எண்ணெய் கெட்டால் பெட்டி கெட்டது. இதுவே இவ்விஷயத்தின் சாரம்.

பெட்டி கெடுவதற்குரிய காரணங்கள்

உஷ்ணம்.— எல்லாக் காரணங்களிலும் தலையானது இதுவே. டார்க் கன்வெர்ட்டரில் உள்ளே வரும் சக்தி முழுதும் வெளியே போவதில்லை. ஒரு பங்கு எண்ணெயைச் சூடாக்குகிறது. வண்டி ஓரளவு வேகம் பெற்றபின், உள்ளே இருக்கும் பூட்டுக் கிளச்சு இரு பக்கங்களையும் ஒன்றாய்ப் பிணைத்துவிடும். அப்பொழுது சூடு குறையும். ஆனால் கனத்த பாரத்தோடு மெல்ல ஊர்ந்து போகும் வண்டியில் அப்பூட்டு விழுவதே இல்லை. ஆகவே, வெறும் வண்டி நூறு கிலோமீட்டர் விரைந்தோடுவதைக் காட்டிலும், பாரம் ஏற்றிய வண்டி சோழிங்கநல்லூரிலிருந்து தரமணி வரையில் நின்று நின்று ஊர்வதே பெட்டிக்கு அதிக சிரமம். பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ ரயில் வேலைகள் தொடங்கிய பின், இந்த ஊர்தல் நம்மவர்க்குப் பழகிப்போன ஒன்றாயிற்று.

இத்தொழிலில் உள்ளோர் கைக்கொள்ளும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. எண்ணெய் 80 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருந்தால் நெடுநாள் கெடாது. அதற்குமேல் ஒவ்வொரு 11 டிகிரி ஏறும்போதும் அதன் ஆயுள் பாதியாகும். இக்கணக்கின்படி 102 டிகிரியில் கால் பங்கும், 124 டிகிரியில் பதினாறில் ஒரு பங்குமே ஆயுள் மிஞ்சும். இது துல்லியமான விதியன்று. ஆயினும் சிறிது சூடு ஏறுவதும் எவ்வளவு கேடு செய்யும் என்பதை நன்றாய்க் காட்டுகிறது.

அதிக பாரம்.— டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே மிகுந்த முறுக்கு விசை தருவது. 2019ஆம் ஆண்டு வி-கிராஸ் தானியங்கி வண்டியின் எஞ்சின் 350 நியூட்டன் மீட்டர் விசையும், ஹைலக்ஸ் தானியங்கி வண்டியின் எஞ்சின் 500 நியூட்டன் மீட்டர் விசையும் தருவன. அவ்விசையைத் தாங்கும்படியே அவற்றின் பெட்டிகள் செய்யப்பட்டுள்ளன. ஆனால் இரட்டை அறையுள்ள இவ்வண்டிகளின் சரக்குத் தொட்டி சிறியது. ஐந்து பேர் அமர்ந்தபின் ஏற்றத்தக்க பாரமும் சொற்பமே. பதிவுச் சான்றில் மொத்த எடை, வெற்று எடை என இரண்டு எண்கள் காணப்படும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவதே ஆட்களும் சரக்கும் சேர்ந்து ஏறத்தக்க அளவு. தர்ப்பூசணிக் காலத்தில் இக்கழித்தலைச் செய்து பார்ப்பவர் சிலரே.

தண்ணீர்.— இதுவே நம் கரையோரப் பகுதிக்கு விசேஷமாய் உரிய ஆபத்து. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் பழைய மகாபலிபுரம் சாலையைச் சேர்ந்த பல பகுதிகளில் நீர் தேங்கி நின்றது யாவரும் அறிந்ததே. கியர் பெட்டிக்குக் காற்று போய்வர ஒரு சிறு சுவாசக்குழாய் உண்டு. சூடேறிய பெட்டி திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அச்சமயம் சுவாசக்குழாயின் வாயோ தேய்ந்த சீலோ நீரில் மூழ்கியிருந்தால், பெட்டி நீரை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே புகுந்த நீர் கிளச்சுத் தகட்டின் பசையை இளக்கிவிடும். வண்டி அன்றே நிற்காது. வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஓடிய பின்பே வழுக்கத் தொடங்கும். ஆகையால் காரணத்தைக் குடியானவர் அறிவதில்லை.

உப்புக் காற்று.— பெட்டியின் எண்ணெய் இரும்புக் குழாய்களின் வழியே முன்புறத்திலுள்ள ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து திரும்புகிறது. கோவளம் கடற்காற்றிலும் கேளம்பாக்கம் உப்பளங்களின் அருகிலும் நிற்கும் வண்டிகளில் இக்குழாய்கள் துருப்பிடித்து ஓட்டை விழுவதுண்டு. ரேடியேட்டரின் உள்ளே அரிப்பு உண்டானால் தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிடும்.

தவறான ஓட்டும் பழக்கங்கள்.— வண்டி முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் கியருக்குத் தள்ளுவது. சேற்றிலோ கடல் மணலிலோ புதைந்த வண்டியை முன்னும் பின்னுமாய் மாற்றி மாற்றி உறுமச் செய்வது. மேட்டில் பிரேக்கு மிதியாமல் ஆக்ஸிலேட்டராலேயே வண்டியை நிறுத்தி வைப்பது. கைப்பிரேக்கு போடாமல் சரிவில் 'பி' நிலையை மட்டும் நம்பி விடுவது. இவை யாவும் பெட்டியைத் தின்னும் பழக்கங்கள். மாடு களைத்தால் நுரை தள்ளும், படுத்துவிடும். பெட்டி அவ்வாறு செய்யாது. எண்ணெயின் நிறத்தாலும் நாற்றத்தாலும் மட்டுமே தன் களைப்பைத் தெரிவிக்கும்.

எலி.— கொட்டகையில் பல நாள் நிற்கும் வண்டியின் மின்கம்பிகளை எலி கடிப்பது நம் ஊர்களில் சாதாரணம். கம்ப்யூட்டரால் இயங்கும் பெட்டிக்கு ஒரு கம்பி அறுந்தாலும் கியர் மாறாது. பாட்டரி பலம் குறைந்தாலும் இதே கோளாறு தோன்றக்கூடும். ஆகவே பெட்டியை இறக்குமுன் கம்பிகளையும் பாட்டரியையும் பார்ப்பது புத்திசாலித்தனம்.

பிற தேசத்தார் கண்ட அனுபவம்

டீசல் பிக்கப் வண்டியில் தானியங்கிப் பெட்டியை நெடுங்காலமாய்ப் பயன்படுத்தி வருவோர் அமெரிக்கக் குடியானவர்கள். அங்கே 1940ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் முழுத் தானியங்கிப் பெட்டி முதன்முதல் விற்பனைக்கு வந்தது. அதே பெட்டி இரண்டாம் உலக யுத்தத்தில் இலகு டாங்கிகளிலும் உழைத்தது. ஆயினும் டீசல் பிக்கப் வண்டிகள் அங்கே பெருவழக்கானது 1980க்குப் பின்பே.

1989இல் டாட்ஜ் பிக்கப் வண்டியில் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டபோது, அதனோடு சேர்ந்த தானியங்கிப் பெட்டி 1960களின் தொடக்கத்தில் பெட்ரோல் கார்களுக்கென்று உருவான வழியில் வந்த மூன்று கியர்ப் பெட்டி. எஞ்சினோ லாரிக்குரிய பலம் வாய்ந்தது. பின்னர் ஆண்டுதோறும் எஞ்சினின் பலம் கூடக் கூடப் பெட்டியையும் பலமுறை வலுப்படுத்தவேண்டியதாயிற்று. 2001இல் ஜெனரல் மோட்டார்ஸ் வேறு வழியைக் கைக்கொண்டது. அது தன் டீசல் பிக்கப் வண்டிகளுக்கு, லாரிப் பெட்டிகள் செய்வதில் பேர்பெற்ற அலிசன் நிறுவனத்தின் ஐந்து கியர்ப் பெட்டியைப் பொருத்தியது. அது நெடுநாள் உழைப்புக்குப் பெயர் பெற்றது. அந்த அலிசன் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று நமக்கு அண்மையிலேயே ஓரகடத்தில் இருக்கிறது. 2003இல் ஃபோர்டும் தன் டீசல் வண்டிக்கென்று கனத்த புதுப் பெட்டி செய்தது.

இவ்வனுபவத்திலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடங்கள் மூன்று. முதலாவது, பெட்டி எஞ்சினின் பலத்துக்கு ஏற்றதாய் இருக்கவேண்டும். எஞ்சினைக் கம்ப்யூட்டர் மூலம் முடுக்கிவிட்டு வேகம் கூட்டும் 'சிப் டியூனிங்' என்னும் வேலை, பெட்டியின் ஆயுளைக் குறைத்தே அந்த வேகத்தைத் தருகிறது. இரண்டாவது, பாரம் இழுப்போர் ரேடியேட்டருக்கு அப்பால் தனியாக ஓர் எண்ணெய்க் குளிர்ப்பான் வைத்துக்கொள்ளவேண்டும். மூன்றாவது, எந்நிறுவனத்துப் பெட்டியானாலும், எண்ணெய் மாற்றாதவனிடம் சீக்கிரம் கெட்டுப்போகும்.

கண்ணால் கண்ட ஒரு நிகழ்ச்சி

திருப்போரூருக்குத் தெற்கேயுள்ள ஒரு கிராமத்தில் தர்ப்பூசணி பயிரிடும் குடியானவர் ஒருவர், பட்டணத்து வியாபாரி ஒருவரிடம் தானியங்கிப் பெட்டியுள்ள பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினார். வண்டி பார்வைக்கு மிக அழகாய் இருந்தது. எண்ணெய் எப்பொழுது மாற்றப்பட்டது என்பதை வியாபாரி சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. மார்கழி மாதத்து மழையில் உர மூட்டைகளோடு முழங்கால் அளவு நீரில் இரண்டு முறை வண்டியைக் கொண்டுபோனார். தை மாதத்தில், மிதித்தால் எஞ்சின் மட்டும் உறுமுகிறது, வண்டி சற்றுத் தயங்கியே நகர்கிறது என்று என்னிடம் சொன்னார். "அறுவடைக்கு முன்பே நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்" என்றேன். "அறுவடை முடியட்டும் ஐயா, கையில் அப்பொழுதுதான் பணம் இருக்கும்" என்றார். நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை; வற்புறுத்தியிருக்கவேண்டும்.

பங்குனியில் பழம் முற்றிற்று. பதிவுச் சான்றில் உள்ளதைக் காட்டிலும் மிகுதியான பாரத்தோடு புறப்பட்ட வண்டி, பெருங்குடிப் பக்கத்தில் நின்றுவிட்டது. பழத்தை வேறு வண்டிக்கு மாற்றிச் சந்தைக்குச் சேர்ப்பதற்குள் விலை இறங்கிவிட்டது. அம்மட்டோடு நிற்காமல், அறிந்தவர் ஒருவருடைய டிராக்டரில் கயிறு கட்டிப் பின்சக்கரங்கள் தரையில் ஓட வண்டியை ஊருக்கு இழுத்து வந்தார்கள். எஞ்சின் ஓடாதபோது பெட்டியிலுள்ள எண்ணெய்ப் பம்பும் ஓடாது என்பதை அவர்கள் அறியார்கள். மிஞ்சியிருந்த பாகங்களும் அந்த ஓட்டத்தில் மசகின்றித் தேய்ந்தன. பெட்டியைத் திறந்தபோது சிவப்பாய் இருக்கவேண்டிய எண்ணெய், கடையில் விற்கும் ரோஸ்மில்க் போல் வெளிறி நுரைத்திருந்தது. நீர் கலந்ததற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை. அந்தப் போகத்தில் இரண்டு ஏக்கரில் கிடைத்த லாபம் முழுதும் பெட்டியைப் பழுதுபார்க்கவே போதவில்லை.

பின்னர் அவர் பெட்டியைப் புதுப்பித்து, தனிக் குளிர்ப்பான் ஒன்று வைத்து, பாரத்தைச் சான்றில் கண்ட அளவுக்குள் குறைத்து ஓட்டிவருகிறார். ஒரு நடையில் கொண்டுபோனதை இரண்டு நடையாய்க் கொண்டுபோகிறார். வண்டி நன்றாய் ஓடுகிறது.

பழைய வண்டியை வாங்குமுன் செய்யத்தக்க பரீக்ஷை

1. எண்ணெய் மாற்றிய குறிப்புகளையும் ரசீதுகளையும் கேட்டுப் பார்க்கவும். ரசீது இல்லாத வண்டியை எண்ணெய் மாற்றாத வண்டி என்றே கொள்ளவும்.

2. நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கவேண்டும். வியாபாரி முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவதாய்ச் சொல்லவும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, பிரேக்கை மிதித்துக்கொண்டே 'ஆர்' நிலைக்கும் 'டி' நிலைக்கும் மாற்றவும். ஓரிரு விநாடிக்குள் மெல்லப் பிடிக்கவேண்டும். நெடுநேரம் தயங்குவதும், தடாலென்று இடிப்பதும் நல்ல அறிகுறிகள் அல்ல.

3. எண்ணெயைத் துளி எடுத்து வெள்ளைக் காகிதத்தில் விடவும். பெரும்பாலான எண்ணெய்கள் புதிதில் செந்நிறம். பழுப்பாயின் பழையது, கறுத்துக் கருகல் நாற்றம் வீசினால் கிளச்சு எரிந்தது, வெளிறிய பால் நிறமானால் நீர் கலந்தது. பின் இரண்டும் உள்ள வண்டியை விட்டுவிடுவதே மேல்.

4. குறைந்தது 20 கிலோமீட்டர் ஓட்டிச் சூடேறிய பின் கவனிக்கவும். கியர் மாறும்போது வேகம் கூடாமல் எஞ்சின் மட்டும் உறுமினால் கிளச்சு வழுக்குகிறது. சமவேகத்தில் போகும்போது, வரிவரியான மேடுகளின் மேல் ஏறுவதுபோல் வண்டி நடுங்கினால் பூட்டுக் கிளச்சிலோ எண்ணெயிலோ கோளாறு.

5. நன்றாய்ச் சூடேறிய வண்டியை ஓர் ஏற்றத்தில் பின்னோக்கி ஏற்றிப் பார்க்கவும். தேய்ந்த பெட்டிகள் பலவும் இப்பரீக்ஷையில் அகப்பட்டுவிடும்.

6. வண்டியின் அடியில் குனிந்து எண்ணெய்க் கசிவு, துருப்பிடித்த குழாய், அடிபட்ட தட்டு ஆகியவற்றைப் பார்க்கவும். ஆசனத்தின் அடி இரும்பில் துருவும், தரைவிரிப்பின் கீழ் வண்டலும் இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி.

7. கம்ப்யூட்டரோடு இணைத்துக் கோளாறுக் குறிகளைப் படிக்கும் கருவி உள்ள மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துப் போகவும். அவர் கூலி, பின்னால் வரும் செலவின் முன் அற்பமே.

கிரமமான பராமரிப்பு

எண்ணெய் மாற்றும் காலத்தை வண்டியோடு வந்த கைப்புத்தகத்தில் பார்க்கவும். அதில் சாதாரண உபயோகம், கடின உபயோகம் என இரண்டு கணக்குகள் இருந்தால், பாரம், வெயில், புழுதி, நெரிசல் யாவும் கூடிய நம் ஓட்டம் கடின உபயோகமே என்று அறியவும். "ஆயுள் முழுதும் எண்ணெய் மாற்றவேண்டாம்" என்று யாரேனும் சொன்னால், அந்த ஆயுள் யாருடைய ஆயுள் என்று கேட்கவேண்டும்.

கைப்புத்தகத்தில் குறித்த வகை எண்ணெயையே ஊற்றவேண்டும். எஞ்சின் எண்ணெயையோ டிராக்டர் ஹைட்ராலிக் எண்ணெயையோ அவசரத்துக்கு ஊற்றுவது பெரும் பிழை. உராய்வின் அளவு மாறித் தகடுகள் வழுக்கும். அளவு பார்க்கும் குச்சி உள்ள வண்டிகளில் பெரும்பாலும் சமதரையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் சூடாய் இருக்கும்போது பார்க்கவேண்டும். குச்சி இல்லாதவற்றில் குறித்த சூட்டில் திருகாணியைத் திறந்து பார்ப்பர். அதைப் பட்டறையிலேயே செய்விக்கவும். எண்ணெய் மாற்றும்போது வடிகட்டியும், அடித்தட்டிலுள்ள காந்தமும் கவனிக்கத்தக்கவை. காந்தத்தில் மெல்லிய மைபோன்ற தூள் இருப்பது இயல்பு. இரும்புச் சில்லுகள் இருந்தால் பெட்டி உள்ளே உடைகிறது என்று பொருள்.

நீரில் இறங்கிய வண்டியைப் பல நாள் ஓட்டாமல் உடனே எண்ணெயைப் பார்க்கவும். சிறிது வெளிறியிருப்பினும் காலதாமதமின்றி மாற்றிவிடவும். கடலோரத்தில் ஓடும் வண்டியின் அடிப்புறத்தை நல்ல நீரால் அடிக்கடி கழுவவும். வழியில் நின்றுபோன தானியங்கி வண்டியைத் தள்ளிக் கிளப்ப இயலாது. அதை இழுக்கவேண்டுமானால், இயங்கு சக்கரங்களைத் தூக்கி இழுக்கவேண்டும், அல்லது பின்னால் போகும் சுழல்தண்டைக் கழற்றிவிட்டு இழுக்கவேண்டும். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியானால் மேடை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவதே பத்திரம்.

எவருக்கு எது பொருந்தும்

அளவான பாரம், கிரமமான எண்ணெய், நீரில் இறங்காத ஓட்டம் என்னும் மூன்றும் அமைந்தால், நல்ல தானியங்கிப் பெட்டி சாதாரணமாய் இரண்டு லக்ஷம் கிலோமீட்டருக்கு மேலும் உழைக்கும். இம்மூன்றும் இல்லாவிடில் ஒரு லக்ஷத்துக்குள்ளாகவே பெட்டியை இறக்கும்படி நேரும். கையால் மாற்றும் பெட்டியிலோ, தேய்வது பெரும்பாலும் கிளச்சுத் தட்டே. அதைத் திருப்போரூரிலும் செங்கற்பட்டிலும் எந்தப் பட்டறையிலும் மாற்றிக்கொள்ளலாம். செலவும் ஒப்பிடக் குறைவு.

ஆகையால் நாள்தோறும் முழுப் பாரம் ஏற்றுவோர்க்கும், வரப்பிலும் சேற்றிலும் வண்டியை இறக்குவோர்க்கும் கையால் மாற்றும் வண்டியே உகந்தது. இலகுவான சரக்கும் குடும்பமும் ஒருங்கே போகவேண்டியவர், நெரிசலில் அடிக்கடி பட்டணம் போகிறவர், கால் வலியுள்ள முதியோர் ஆகியோர்க்குத் தானியங்கி வண்டி சுகமாயிருக்கும். அவ்வாறு வாங்குவோர், பெட்டியை ஒருமுறை பழுதுபார்க்கும் செலவை முன்னதாகவே விசாரித்து, அத்தொகையையும் மனத்தில் வைத்தே விலை பேசவேண்டும். அத்தொகை கையில் இல்லாதவர் அவ்வண்டியை வாங்காமலிருப்பதே விவேகம்.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு

மழைக்காலத்துக்கு முன்பே, சாலையில் நீர் தேங்கும் தாழ்ந்த இடங்களில் அளவுக் கம்பங்கள் நடுவித்து ஆழம் தெரியும்படி செய்தால் பல வண்டிகள் தப்பும். அதிக பாரம் ஏற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதமும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் வீதமும் விதிக்கப்படும் என்பதை அறுவடைக் காலத்துக்கு முன் குடியானவர்க்கு எடுத்துச் சொல்லலாம். வாடகைச் சரக்கு வண்டிகள் எட்டு ஆண்டுக்கு மேற்பட்டபின் தகுதிச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும் என்பதும், சொந்த உபயோக வண்டிகளின் பதிவு 15 ஆண்டோடு முடியும் என்பதும் பழைய வண்டி வாங்குவோர் பலர்க்குத் தெரிவதில்லை. அதிகாரிகள் இவற்றைக் கூட்டங்களில் வாசித்துக் காட்டினால் மிக்க பிரயோஜனம் உண்டாகும்.

மாடு வாங்கும்போது பல் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து வாங்கும் வழக்கமுள்ள நம் குடியானவர்கள், வண்டி வாங்கும்போதும் அதே நிதானத்தைக் கைக்கொள்ளவேண்டும். சந்தேகமுள்ளவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் என்னிடம் வந்து கேட்கலாம். கொடுத்த பின் கேட்பதால் பயன் சிறிதே.